குழாயின் கைபிடி நேராக நிற்க வேண்டுமா?

பல வருடங்கள் பூட்டிக் கிடந்த வீட்டிற்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் கிணற்றைத் துப்புரவு செய்வார்கள். பின்னர்தான் குழாய்களைப் பார்ப்பார்கள். கைகழுவும் பேசினின் குழாய் இறுகியிருக்கும். அல்லது கைபிடி கோணலாக நிற்கும். பலங்கொண்ட மட்டும் திருகி அதை நேராக்கப் பலர் முயல்வதுண்டு. அவ்வாறு செய்தால் உள்ளே இருக்கும் வோஷர் நசிந்து நீர் ஒழுகத் தொடங்கும்.

வினாடிக்கு ஒரு துளி ஒழுகினால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லீற்றர் நீர் வீணாகும். தாங்கியை வாளியால் நிரப்பும் வீட்டிற்கு இது சிறிய இழப்பல்ல.

நீரை மூடுவது கைபிடியல்ல. அதன் கீழுள்ள தண்டே. தண்டின் நுனியைச் சுற்றிச் சிறு பற்கள் உண்டு. கைபிடி அவற்றைக் கௌவி நிற்கிறது. எனவே கைபிடியைக் கழற்றி வேறு பல்லில் மாட்டினால் அது நேராகிவிடும்.

செய்யும் முறை:

1. தாங்கியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, மிஞ்சிய நீரை வெளியேற்றுங்கள்.

2. பேசின் துவாரத்தைத் துணியால் அடையுங்கள். ஆணி விழுந்தால் எடுப்பது கடினம்.

3. கைபிடியின் மேலுள்ள சிறு மூடியைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, திருகாணியைக் கழற்றுங்கள்.

4. கைபிடியை நேராக மேலே இழுங்கள். சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் வினாகிரியில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்து, பின் கழுவுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம்.

5. தண்டை மெதுவாகத் திருப்பி முற்றாக மூடுங்கள். இப்போது கைபிடியை விரும்பிய திசையில் மாட்டுங்கள். 20 பற்கள் இருந்தால், ஒரு பல் மாற்றும்போது 18 பாகை திரும்பும்.

6. திருகாணியை அளவாக இறுக்கி, வால்வைத் திறந்து சோதியுங்கள்.

சில பழைய குழாய்களில் தண்டின் நுனி சதுரமாயிருக்கும். அதில் கைபிடியை 4 திசைகளில் மட்டுமே வைக்கலாம். கைபிடி சும்மா சுழன்றால் அதன் உட்பற்கள் தேய்ந்திருக்கும். பழையதைக் கடைக்குக் கொண்டுசென்று, அதே அளவில் வேறொன்று வாங்குங்கள்.

நேராக்கிய பின்னும் நீர் ஒழுகுகிறதா? அப்படியானால் வோஷரை மாற்றுங்கள். வோஷர் தேயத் தேய, மூடும் இடமும் சிறிது நகரும். கைபிடி சற்றுக் கோணலாக நின்றாலும் பரவாயில்லை; நீர் நிற்க வேண்டும்.