வண்டியை உயர்த்தலாமா?

கார்த்திகை மழையில் குமராட்சிப் பக்கத்து வயலோர மண்பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? சேற்றுத் தடத்தில் பிக்கப் வண்டியின் பின் அச்சு தரையில் தட்டி நின்றுவிடும். வண்டியை உயர்த்தினால் தட்டாது அல்லவா?

உயர்த்த இரு வழிகள் உண்டு. கமான் பட்டை எனப்படும் வில்லை மாற்றினால் அதன் மேலுள்ள சட்டமும் தொட்டியும்தான் உயரும். அச்சு பழைய உயரத்திலேயே இருக்கும். அச்சு உயரப் பெரிய டயர் வேண்டும். 70 செ.மீ. விட்டமுள்ள டயருக்குப் பதில் 77 செ.மீ. டயர் போட்டால் அச்சு எவ்வளவு உயரும்? 7 செ.மீ. அன்று, 3.5 செ.மீ. தான்! அச்சு சக்கரத்தின் மையத்தில் அல்லவா இருக்கிறது?

இன்னொன்றும் நிகழும். வேகமானி சக்கரம் சுற்றுவதைக் கொண்டே வேகத்தைக் காட்டுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தொலைவு செல்லும். ஆகவே மானி 60 கி.மீ. காட்டும்போது வண்டி 66 கி.மீ. வேகத்தில் ஓடும்!

எல்லாவற்றிலும் முக்கியமானது ஈர்ப்பு மையம். வண்டியோடு அதுவும் உயரும். சரிந்த வாய்க்கால் கரையில், ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் நேர்குத்துக் கோடு சக்கரங்களுக்கு வெளியே விழுந்தால் வண்டி கவிழ்ந்துவிடும். நெல் மூட்டைகளை உயர அடுக்கினால் ஆபத்து இன்னும் கூடும். இத்தகைய மாற்றங்களை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதும் இதனால் பொருத்தமே.

ஒரு பலகையில் இரு தீப்பெட்டிகளை வையுங்கள். ஒன்றைப் படுக்கவையுங்கள், மற்றதை நிறுத்திவையுங்கள். பலகையை மெல்லச் சாயுங்கள். முதலில் கவிழ்வது எது?