கோயில் வீதியில் ஓர் எண்ணெய்ப் பயிர்

பழக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோயில் வீதிகளில் விடியற்காலை நடந்தால் இலுப்பை விதை காலில் மிதிபடும். இரவில் வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டுப் போட்டவை. பளபளக்கும் தவிட்டுநிறக் கோதை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை நகத்தால் நசுக்கினால் விரல்நுனி பிசுபிசுக்கும். அந்தப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அதைத்தான் குப்பையோடு கூட்டி எரிக்கிறோம்.

மண்ணெண்ணெய் வருமுன் நம் விளக்குகளில் எரிந்தது இந்த எண்ணெய். பிண்ணாக்கு அரப்பாகித் தலைமுழுக உதவியது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் படித்த தலைமுறைக்கு உள்ளூர் எண்ணெயின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

குடாநாட்டின் சுன்னாகம் இன்னொரு பாடத்தையும் தந்தது. அங்குள்ள மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் காலடியில் இருப்பது சுண்ணக்கல். மேலே கொட்டுவது கீழே கிணற்றுக்குப் போய்விடும். உரமும் இறைப்பும் அதிகம் கேட்கும் பயிர் இங்கே சுமைதான். இலுப்பை வேரூன்றிவிட்டால் மழைநீரிலேயே நிற்கும்.

ஆனால் அவசரம் ஆகாது. 2003இல் இந்தியத் திட்டக்குழு உயிர் எரிபொருளுக்காகக் காட்டாமணக்கைப் பெரிதாக நம்பியது. 2017க்குள் டீசலில் 20 சதவீதம் உயிர் எரிபொருள் கலக்க வேண்டும் என்று 2009 கொள்கை இலக்கு வைத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. நல்ல இனத்தைத் தேர்ந்தெடுக்காமல், வறண்ட நிலத்திலும் அள்ளித் தரும் என்று நட்டதால் விளைச்சல் கைவிட்டது.

இலுப்பையிலும் மரத்துக்கு மரம் காய்ப்பு வேறுபடும். விதையிலிருந்து வளர்ந்த கன்று காய்க்கப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே நன்றாகக் காய்க்கும் தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கன்று எடுக்க வேண்டும். ஈரம் பட்ட விதையில் பூஞ்சணம் பிடித்து எண்ணெய் கெடும் என்பதால் பொறுக்கியதும் காயவைக்க வேண்டும். குளிரில் வெண்ணெய்போல உறையும் இந்த எண்ணெய் சவர்க்காரத்துக்கு நன்கு பொருந்தும். ஊர்ச் செக்கிலேயே தொழிலைத் தொடங்கலாம். கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் தாய்மரத் தேர்வையும் ஒட்டுக்கன்று உருவாக்கத்தையும் கையில் எடுக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. வருகிற பழக்காலத்தில் மரத்தடியில் ஒரு சாக்கை விரிப்போம். எந்த மரம் எத்தனை கிலோ தருகிறது என்று ஆண்டுதோறும் குறித்து வைப்போம். காட்டுமரம் பயிராவது அந்தக் குறிப்பில்தான் தொடங்குகிறது.