மழலையைக் கேட்டலும் குறித்தலும்

மழலையின் இனிமையைப் பாடிய புலவர் பலர். அம்மழலை படிப்படியே மொழியாக முதிரும் முறையை நாடோறுங் கேட்டு எழுதிவைத்தவர் நம்மிடை மிகச் சிலரே. பிள்ளைத்தமிழ் பாடினோர் குழவிப் பருவத்தைக் காப்பு முதலாகப் பத்தாக வகுத்தனர். வகுத்து நோக்கும் அக்கண்ணை நம் வீட்டுத் தொட்டிலின்பாற் செலுத்துதல் இன்றைய பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டியாக நிற்பது உயிர்நூல் வல்லாராகிய சாள்ஸ் டார்வின் எழுதிய ஒரு நாட்குறிப்பு. 1839ஆம் ஆண்டு டிசம்பரிற் பிறந்த தம் தலைமகனை உற்றுநோக்கி அவர் எழுதிய குறிப்புக்கள், 1877இல் 'மைண்ட்' என்னும் ஆங்கில ஆராய்ச்சி ஏட்டிற் கட்டுரையாக வெளிவந்தன. ஐந்தரை மாதத்திற் பிள்ளை 'டா' என ஒலித்தான், அதற்குப் பொருளில்லை. ஏழாம் மாதத்திற் செவிலியின் பெயரைக் கேட்டதும் அவளைத் தேடித் திரும்பினான். பேசுமுன்னே பொருள் விளங்கியது என்பது இங்கு அறியத்தக்கது. ஓராண்டு நிறைந்தபோது உணவுக்குத் தானே ஒரு சொற் படைத்தான்; அச்சொல் 'மம்' என்பது. நம் வீடுகளிற் சோற்றை 'மம்மம்' என்னும் குழந்தைகளை அறிந்தார்க்கு இது வியப்பும் மகிழ்ச்சியும் தருவதாம்.

அவன் அவ்வளவில் நின்றானல்லன். சர்க்கரைக்குச் 'சு-மம்' என்றான். 'பிளாக்' என்னுஞ் சொல்லைக் கற்றபின் கரிய அதிமதுர இனிப்புக்குப் 'பிளாக்-சு-மம்' என்றான். இலக்கணம் பயில்வோர் இதனைக் கூர்ந்து நோக்குக. பொதுப்பெயர்க்கு அடைகொடுத்துச் சிறப்புப்பெயர் ஆக்கும் முறையை அப்பிள்ளைக்குக் கற்பித்தார் யார்? கேட்டதைக் கிளிபோலத் திருப்பிச் சொல்லுதல் அன்று மொழிப்பேறு. உள்ளிருந்து விதிகாணும் முயற்சி அது. ஆங்கிலக் குழந்தை 'வென்ற்' என்னாது 'கோட்' என இறந்தகால விகுதி புணர்த்து வழுப்படப் பேசுவதும் இதன்பாற்படும். அவ்வழு அறியாமையின் அடையாளம் அன்று. விதியை அறிந்ததன் அடையாளமேயாம்.

இனி, 'மம்', 'பா' என்பன முன்தோன்றுதற்குக் காரணம் என்னை? பகர மகரங்கள் இதழ் இயைதலாலும், அகரம் வாய் அங்காத்தலாலும் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறினார். மூடிய வாயைத் திறத்தல் ஒன்றே இவ்வொலிகளுக்குப் போதிய முயற்சி. உருசிய மொழிநூலார் உரோமன் யாக்கப்சன் 1941இல் வெளியிட்ட நூலில், குழந்தை மொழியில் இதழொலியும் அகரமும் முற்பட்டுத் தோன்றும் என்றார். இவ்வரிசை எல்லாக் குழந்தைகட்கும் ஒருபடித்தன்று எனப் பின்வந்தோர் காட்டினரேனும், எளியது முந்துதல் பெரும்பான்மை. நுனிநா வளைந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் ழகரம் பிந்துதலும் இதனாலேயே. இரண்டு வயதுப் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பயம்' என்றால் வருந்தற்க. அதட்டித் திருத்தவும் வேண்டா. நாம் திருந்தச் சொன்னால் அதுவே போதும்.

பொதுவாக நிகழும் முறை வருமாறு: இரண்டு மூன்று மாதத்திற் கூவுதல், ஆறு முதற் பத்து மாதத்துள் 'பாபா', 'மாமா' என அசையடுக்குதல், ஓராண்டளவில் முதற்சொல், இரண்டாண்டளவில் ஏறத்தாழ ஐம்பது சொற்களும், 'அம்மா பால்', 'அப்பா போ' எனும் ஈர்சொற்றொடரும். சில கிழமை முந்துதலும் பிந்துதலும் இயல்பே. ஆயின், பன்னிரண்டு மாதமாகியும் அசையடுக்காமை, பதினாறு மாதமாகியும் ஒருசொல்லேனும் சொல்லாமை, இரண்டு வயதாகியும் இருசொல் இணையாமை, எவ்வயதிலும் பேசிய பேச்சை இழத்தல் என்னும் இவற்றுள் ஒன்று காணப்படினும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக.

இங்கே ஒன்றை அழுத்திக் கூறல்வேண்டும். 'தகப்பனும் பிந்தித்தான் பேசினான். இவனும் பேசுவான்' என்பது நம்மூர் முதியோர் வழங்கும் ஆறுதல் மொழி. பல பிள்ளைகள்பால் அது மெய்யாதலும் உண்டு. ஆனாற் பிள்ளையின் செவி கேளாதிருப்பின், அவ்வாறுதல் மீளப்பெறுதற்கரிய ஆண்டுகளைக் கவர்ந்துகொள்ளும். செவிப்புலனற்ற குழவியும் முதன் மாதங்களிற் கூவும். ஆதலிற் கூவலைக்கொண்டு செவி நன்றென்று துணிதல் தவறு. பேச்சுப் பிந்திய பிள்ளைக்கு முதலிற் செய்யத்தக்கது செவிப்பரிசோதனையே. வீட்டில் இருமொழி வழங்குதலே தாமதத்திற்குக் காரணம் என்று அமைவதும் பொருந்தாது. வேர்னர் லியோபோல்ட் என்பார் ஜெர்மனும் ஆங்கிலமும் ஒருங்கு கேட்டு வளர்ந்த தம் மகளின் பேச்சை, 1939 முதல் 1949 வரை வெளிவந்த நான்கு தொகுதிகளில் விரித்துரைத்தார். இருமொழிச் சூழல் பிள்ளையின் பேச்சை முடக்குவதன்று.

குறித்தற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டா. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். திகதி, பிள்ளை சொன்னவாறே சொல், அது குறித்த பொருள், சொன்ன வேளை என்னும் நான்கையும் எழுதுக. திருத்தி எழுதற்க, பிள்ளை 'தண்ணி'யைத் 'தன்னி' என்றால் 'தன்னி' என்றே எழுதுக. சொல்லாது விளங்கிக்கொண்டவற்றையும் வேறாகக் குறிக்க. ஐயம் நேர்ந்த காலத்துக் குடும்பநல மாதிடமும் மருத்துவரிடமும் அக்கொப்பியே தெளிந்த சான்று பகரும். ஐயம் யாதும் நேராதாயின், தமிழ்க் குழந்தை தமிழைக் கற்ற வரலாறாக அது மொழிநூலார்க்குப் பயன்படும். இரண்டினும் இழப்பு யாதுமில்லை.