கர்லாக்கட்டை

கர்லாக்கட்டை என்பது உடற்பயிற்சிக்காகக் கையில் பிடித்துச் சுழற்றப்படும் மரத்தாலான ஒரு கருவியாகும். கரலாக்கட்டை என்றும் எழுதப்படுவதுண்டு. மற்போர், சிலம்பம் முதலியவற்றைப் பயில்வோர் தோள், முன்கை, மணிக்கட்டு ஆகியவற்றை வலுப்படுத்த இதனைப் பயன்படுத்துகின்றனர். இதன் அடிப்பகுதி பருத்தும், கழுத்துப்பகுதி மெலிந்தும் இருக்கும். கைப்பிடியின் முனையில் ஒரு குமிழ் காணப்படும். வட இந்தியாவில் முக்தர், ஜோரி என்பனவும், ஈரானில் மீல் என்பதும் இதனை ஒத்த கருவிகளாகும்.

வரலாறு

19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர் வழியாக இப்பயிற்சி ஐரோப்பாவுக்குப் பரவியது. அமெரிக்கரான சிம் கீஹோ 1866-இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாக இடம்பெற்றது.

எடையும் விசையும்

2 கிலோ டம்பெல்லும் 2 கிலோ கர்லாக்கட்டையும் ஒரே அளவு சுமையைத் தருவதில்லை. டம்பெல்லின் ஈர்ப்பு மையம் உள்ளங்கையிலேயே அமைகிறது. கட்டையின் ஈர்ப்பு மையமோ கையிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது. அத்தொலைவு 35 செ.மீ. எனில், கட்டையைக் கிடையாக நீட்டிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் ஏறத்தாழ 7 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை ஏற்படும். டம்பெல்லில் இது ஏறக்குறைய சுழியாகும்.

60 செ.மீ. நீளமுள்ள கையை நீட்டி, இக்கட்டையை நொடிக்கு ஒரு சுற்று வீதம் செங்குத்து வட்டத்தில் சுழற்றுவதாகக் கொள்வோம். வட்டத்தின் அடிப்புள்ளியில் பிடியை இழுக்கும் விசை சுமார் 95 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமமானது. கட்டையின் கழுத்தும் பயில்பவரின் பிடியும் இவ்விசையை ஒவ்வொரு சுற்றிலும் தாங்கவேண்டும்.

தெரிவு செய்தல்

* எடையை மட்டுமன்றி நீளத்தையும் கருத்தில் கொள்ளவேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு 0.5 முதல் 1 கிலோ வரையிலான குட்டையான இணைக்கட்டைகள் பொருத்தமானவை.
* மரத்தின் ரேகை அடியிலிருந்து குமிழ் வரை நேராக ஓடவேண்டும். கழுத்தில் ரேகை குறுக்காகவோ சாய்வாகவோ வெளியேறினால் அவ்விடத்தில் முறியும் வாய்ப்பு அதிகம்.
* கழுத்தில் கணு இருத்தல் கூடாது. ஒரே மரத்துண்டில் கடைந்தெடுத்த கட்டை சிறந்தது.
* குமிழ் கைப்பிடியைவிடப் பெரியதாக இருத்தல் வேண்டும். வியர்த்த கையிலிருந்து கட்டை நழுவாமல் தடுப்பது இதுவே.

பராமரிப்பு

மரம் ஈரத்தை ஏற்று விரியவும், உலர்ந்து சுருங்கவும் வல்லது. வெட்டுமுகம் மற்றப் பகுதிகளைவிட விரைவாக உலர்வதால், வெடிப்பு பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது. எனவே கட்டையை வெயிலிலோ ஈரத்தரையிலோ வைக்கக் கூடாது. பயிற்சிக்குப் பின் வியர்வையை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும்.

ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி நன்கு உலரவிடலாம். தேங்காய் எண்ணெய் உலர்ந்து இறுகாது. ஆகையால் கைப்பிடி வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதனை விரித்து உலர்த்தவோ நீரில் நனைத்து வைக்கவோ வேண்டும்.

சிராய்களை உப்புத்தாள் கொண்டு தேய்த்து நீக்கலாம். சிறு துளைகளும் அவற்றிலிருந்து உதிரும் பொடியும் மரம் உளுத்துப்போவதைக் காட்டும். கழுத்தில் வெடிப்புக் கண்ட கட்டையைப் பசையிட்டு ஒட்டிப் பயன்படுத்துவது ஆபத்தானது. அதனைக் கைவிடுவதே முறையாகும்.

பாதுகாப்பு

கையின் நீளத்துடன் கட்டையின் நீளத்தையும் கூட்டினால் வரும் தொலைவுக்கு மேலான வெற்றிடம் எல்லாப் பக்கங்களிலும் தேவை. வீட்டினுள் பயில்வோர் மின்விசிறியின் உயரத்தையும் கவனிக்கவேண்டும். கட்டை நழுவினால் அறைக்குக் குறுக்கே பறக்கும் என்பதால், பயிற்சியின்போது குழந்தைகள் அருகில் இருத்தல் கூடாது. தோள்மூட்டில் காயம் உள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரை பெற்றே தொடங்கவேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* சிலம்பம்
* மற்போர்
* தண்டால்