கெய்ரோ பல்கலைக்கழகம்

கெய்ரோ பல்கலைக்கழகம் எகிப்து நாட்டின் மிகப் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று ஆகும். பெயரில் கெய்ரோ இருப்பினும், இதன் முதன்மை வளாகம் நைல் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள கீசா நகரில் அமைந்துள்ளது.

வரலாறு

பிரித்தானியரின் கட்டுப்பாட்டில் எகிப்து இருந்த காலத்தில், 1908 டிசம்பர் 21 அன்று, நன்கொடைகளால் இயங்கும் தனியார் நிறுவனமாக இது தொடங்கப்பட்டது. அன்றைய பெயர் எகிப்தியப் பல்கலைக்கழகம். சமயக் கல்விக்குப் பெயர் பெற்ற அல்-அசாருக்கு மாறாக, இங்கு வரலாறு, இலக்கியம், மெய்யியல் முதலியன கற்பிக்கப்பட்டன. இளவரசி பாத்திமா இசுமாயில் நிலமும் நகைகளும் கொடையளித்தார். 1925 இல் இது அரசுப் பல்கலைக்கழகமாயிற்று. 1940 இல் முதலாம் புவாத் மன்னரின் பெயர் சூட்டப்பட்டது. 1952 புரட்சியில் முடியாட்சி வீழ்ந்தபின் இன்றைய பெயரைப் பெற்றது.

தன்னாட்சியும் கருத்துரிமையும்

அரசுடைமையானதால் நிதி நிலைபெற்றது. ஆயினும் ஆட்சியாளரின் தலையீட்டுக்கும் வழி பிறந்தது. சிறு வயதிலேயே பார்வை இழந்த தாகா உசேன் 1914 இல் இங்கு முனைவர் பட்டம் பெற்று, பின்னர் பேராசிரியரானார். இசுலாத்துக்கு முற்பட்டனவாகக் கருதப்படும் அரபுக் கவிதைகளுட் பெரும்பாலானவை பிற்காலத்தவை என்று வாதிட்டு 1926 இல் அவர் எழுதிய நூல் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1932 இல் அரசு அவரைக் கலைப்பீடத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. பல்கலைக்கழகத்தைக் கேளாமலே எடுக்கப்பட்ட இம்முடிவை எதிர்த்து, அதன் தலைவர் அகமது லுத்பி அல்-சயீத் தாமும் பதவி விலகினார். பதவியைப் பொருட்படுத்தாத இச்செயல் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. தாகா உசேன் 1934 இல் மீண்டும் பணிக்கு வந்தார். 1950 இல் கல்வி அமைச்சரும் ஆனார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. குர்ஆன் விளக்கவியலை ஆய்ந்த நசுர் அபூ சைத் என்பவருக்கு 1993 இல் பதவி உயர்வு மறுக்கப்பட்டது; 1995 இல் பல்கலைக்கழகம் அதனை வழங்கியது. ஆயினும் அதே ஆண்டில் நீதிமன்றம் அவர் மதத்தைத் துறந்தவர் எனக் கூறி அவரது திருமணத்தையே செல்லாததாக்கியது. இம்முறை நெருக்கடி அரசிடமிருந்தன்றி, தனியார் தொடுத்த வழக்கின் மூலம் வந்தது. அபூ சைத் மனைவியுடன் நெதர்லாந்து சென்று இலைடன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

புகழ்பெற்ற மாணவர்கள்

நோபல் பரிசு பெற்ற நகிப் மக்பூசு (இலக்கியம், 1988), யாசிர் அரபாத் (அமைதி, 1994), முகமது அல்-பராதெய் (அமைதி, 2005) ஆகிய மூவரும் இங்குப் பயின்றவர்கள். இவர்களுள் அரபாத் படித்தது குடிசார் பொறியியல் ஆகும்.