சராப்புக் கடையிலிருந்து சங்கிலிப் பதிவேடு வரை: கிரிப்டோ நாணயம் – ஓர் அறிமுகம்

கடலூர் மாவட்டத்தில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ள பரங்கிப்பேட்டையை முஸ்லிம் வணிகர்கள் மஹ்மூது பந்தர் என்றும் ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றும் அழைத்தனர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மரக்காயர்களின் கலங்கள் அங்கிருந்து துணிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா ஆகிய துறைகளுக்குச் சென்றன. வடக்கே கடலூரில், 1690 இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய தேவனாம்பட்டினக் கோட்டை இருந்தது. இக்கடற்கரையில் அந்நாளில் புழங்கிய காசு ஒன்றல்ல, பல. அவற்றுள் பரங்கிப்பேட்டையின் பெயரையே தாங்கிய வராகன் ஒன்றும் உண்டு. சென்னை நட்சத்திர வராகனைவிட அதன் தங்க மாற்றுக் குறைவு. ஆகவே வணிகன் தன் கைக்கு வந்த காசைச் சராப்பிடம் கொடுத்து, உரைத்து, எடை பார்த்து, வட்டம் கழித்த பின்னரே கணக்கில் ஏற்றினான். 1818 இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் திட்ட நாணயமானபோதுதான் இந்தக் குழப்பம் ஒடுங்கத் தொடங்கியது.

சராப்பு என்னும் சொல்லே நம் கவனத்திற்குரியது. நாணயம் மாற்றுபவரைக் குறிக்கும் ‘ஸர்ராஃப்’ என்ற அரபுச் சொல்லே தமிழில் சராப்பு ஆயிற்று. அதே வேரிலிருந்து பிறந்த ‘ஸர்ஃப்’ என்பது ஃபிக்ஹு நூல்களில் நாணய மாற்று வணிகத்தின் சட்டங்களைக் கூறும் இயலின் பெயராகும். எந்த அரசும் அச்சிடாத, எந்த உரைகல்லும் உரைக்க இயலாத ஒரு நாணயம் இன்று நம் கைபேசிகளில் வந்து நிற்கிறது. சிதம்பரத்துக் கல்லூரி மாணவரும், வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊருக்குப் பணம் அனுப்பும் இளைஞரும் அதை வாங்கலாமா என்று கேட்கின்றனர். இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒன்று, அது எவ்வாறு இயங்குகிறது என்பது. மற்றொன்று, அது ஆகுமானதா என்பது. முதலாவதை அறியாமல் இரண்டாவதற்கு விடை தேடுவது முறையாகாது.

நாணயமா, பதிவேடா?

சட்டோஷி நக்கமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவினரோ 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்ட ஒன்பது பக்க அறிக்கையே பிட்காயினின் தோற்றுவாய். 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் பதிவு உருவாயிற்று. பிட்காயின் என்பது உண்மையில் ஒரு கணக்குப் பதிவேடு. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு சென்றது என்னும் குறிப்புகள் ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒரு தொகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்திய தொகுதியின் கணித முத்திரையைத் தாங்கி நிற்பதால், பழைய வரியொன்றைத் திருத்த முனைபவர் அதற்குப் பிந்திய அனைத்தையும் திருத்தியாக வேண்டும். பதிவேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருப்பதால் அது நடைமுறையில் இயலாததாகிறது. இதனையே பிளாக்செயின், அதாவது சங்கிலிப் பதிவேடு, என்கின்றனர்.

பிட்காயினின் மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாதவாறு அதன் நிரலிலேயே வரம்பு கட்டப்பட்டுள்ளது. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடிக் கூறுகளாகப் பிரிக்கலாம். ஆகவே முழு நாணயம் வாங்க வேண்டிய அவசியமில்லை. சில நூறு ரூபாய்க்கும் ஒரு சிறு கூறு வாங்கலாம். 2015 இல் தொடங்கிய எத்தீரியம் முதலாகப் பல்லாயிரம் நாணயங்கள் பின்னர்த் தோன்றின. அவற்றுட் பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் மறைந்தன. ஒரு டாலருக்கு நிகராக என்றும் நிற்கும் என்று கூறப்பட்ட டெர்ரா யூஎஸ்டி நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே சரிந்து பயனற்றுப் போனதை இங்கு நினைவுகூர வேண்டும்.

இந்தப் பதிவேட்டில் ஒருவரின் உரிமையை நிலைநாட்டுவது அவருடைய பெயரோ அடையாள அட்டையோ அன்று. ‘தனித்திறவு’ எனப்படும் இரகசிய எண்ணே. அதனை மீட்டெடுக்கப் பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்களடங்கிய தொடர் ஒன்று வழங்கப்படும். அச்சொற்களை இழந்தவர் நாணயத்தை இழந்தவரே. அவற்றைப் பிறரிடம் சொன்னவர் பெட்டகத்தின் சாவியையே கொடுத்தவர் ஆவார்.

வாங்குதலும் விற்றலும்

இந்தியாவில் கிரிப்டோ நாணயம் சட்டபூர்வமான செலாவணி அன்று. எனினும் அதை வைத்திருப்பது குற்றமும் அன்று. வங்கிகள் இவ்வணிகத்திற்குச் சேவை செய்யலாகாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2023 மார்ச் முதல் இச்சந்தைத் தளங்கள் கறுப்புப்பணத் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்து, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவுசெய்ய வேண்டியவையாயின. புதிதாக நுழைபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பதிவையே. ஆனால் பதிவு என்பது முதலீட்டுக்கு அரசு அளிக்கும் உத்தரவாதமன்று.

தளத்தில் பான், ஆதார் விவரங்களைக் கொடுத்துக் கணக்குத் திறந்து, தம் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயைச் செலுத்தி வாங்க வேண்டும். ஆணையிடுவதில் இருவகை உண்டு. சந்தையில் அந்நொடி கிடைக்கும் விலைக்கே வாங்குவது ஒன்று; தாம் குறித்த விலை வந்தால் மட்டும் வாங்குவது மற்றொன்று. புதியவருக்கு இரண்டாவதே பாதுகாப்பு. ஏனெனில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். கட்டணத்தோடு சேர்ந்து, பழைய சராப்பு கழித்த வட்டத்தின் இடத்தை இன்று அது வகிக்கிறது. முன்பின் அறியாத தனிநபரிடம் நேரடியாக வாங்குவதும் விற்பதும் ஆபத்தானவை. மோசடிப் பணம் நம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தால், விசாரணை முடியும்வரை கணக்கே முடக்கப்படலாம்.

வாங்கிய நாணயத்தைத் தளத்திலேயே விட்டுவைத்தால் தனித்திறவு தளத்தின் கையில் இருக்கும். சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொண்டால் நம் கையில் இருக்கும். சில தளங்கள் அவ்வாறு வெளியே எடுத்துச் செல்ல இடமளிப்பதில்லை. இதைக் கணக்குத் திறக்கும் முன்னரே உறுதிசெய்ய வேண்டும். மாற்றும்போது முகவரியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மீட்டுத்தர எந்த அலுவலகமும் இல்லை. ஆகவே முதலில் சிறு தொகையை அனுப்பிப் பார்ப்பது நன்று.

கணக்கு வைத்தல்

விலையை மட்டும் பார்த்திருப்பது கண்காணிப்பு ஆகாது. ஒரு பிட்காயின் 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலரைத் தொட்டது. ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 2025 அக்டோபரில் 1,26,000 டாலரைக் கடந்து, மீண்டும் இறங்கியது. ஒரு நாணயத்தின் விலை ஐம்பது பைசா என்பதால் அது மலிவானது என்று கருதுவது தவறு. விலையைப் புழக்கத்திலுள்ள எண்ணிக்கையால் பெருக்கிவரும் சந்தை மதிப்பே ஒப்பிடத் தக்க அளவு. நாள்தோறும் எவ்வளவு கைமாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கைமாற்று அருகிய நாணயத்தின் விலை திரையில் தெரியும். விற்கப்போனால் வாங்க ஆள் இருக்காது.

ஒவ்வொரு கொள்முதலுக்கும் நாள், அளவு, ரூபாய் விலை, கட்டணம், பிடித்த வரி ஆகிய ஐந்தையும் தனிக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். இதற்கு வரிச்சட்டமே முதற் காரணம். 2022 ஏப்ரல் 1 முதல் இவ்வருவாய்க்கு 30 விழுக்காடு வரியும் அவ்வரியின் மீது 4 விழுக்காடு தீர்வையும் உண்டு. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு முன்வரியாகப் பிடிக்கப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் 50,000 ரூபாய்க்கு வாங்கிய நாணயத்தை 60,000 ரூபாய்க்கு விற்கிறார். முன்வரி 600 ரூபாய். இலாபம் 10,000, அதற்கு வரி 3,000, தீர்வை 120, ஆக மொத்தம் 3,120 ரூபாய். முன்வரியைக் கழித்தபின் அவர் கட்ட வேண்டியது 2,520 ரூபாய். அதே ஆண்டில் வேறொரு நாணயத்தில் அவர் 10,000 ரூபாய் இழந்திருந்தாலும் அதனை இலாபத்தில் கழிக்க இயலாது. அதாவது ஈட்டியது ஒன்றுமில்லை. ஆனால் வரி 3,120 ரூபாய். ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொன்றை மாற்றிக்கொள்வதும் விற்பனையாகவே கொள்ளப்படும். அடிக்கடி வாங்கி விற்பவர் இலாபம் காண்பது ஏன் அரிது என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

யாருடைய கையில்?

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. வாடிக்கையாளர் அனைவரின் கணக்குகளும் முடக்கப்பட்டன. இழப்பை எல்லா வாடிக்கையாளரும் பகிர்ந்துகொள்ளும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. சுமார் 1,98,500 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கி வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். களவுபோனவை வேறுவகை நாணயங்கள். தம்முடையவை அல்ல என்பது அவர் வாதம். 2025 அக்டோபரில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். கிரிப்டோ நாணயம் செலாவணி அன்று எனினும் அது ஒரு சொத்து. அனுபவிக்கவும் உடைமையாக வைத்திருக்கவும் பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கவும் தக்கது என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதிமன்றம் ‘சொத்து’ என்று எதனைக் குறித்ததோ அதனையே நம் ஃபகீஹ்கள் ‘மால்’ என்ற சொல்லால் ஆராய்ந்துள்ளனர்.

ஃபிக்ஹின் நோக்கில்

நாணயம் பொன்னாலும் வெள்ளியாலும் மட்டுமே ஆக வேண்டும் என்பது முன்னோரின் ஏகோபித்த கருத்தன்று. உமர் (ரழி) அவர்கள் ஒட்டகத் தோலால் திர்ஹம் செய்ய எண்ணியதையும், ஒட்டகங்கள் அருகிவிடும் என்று கூறப்பட்டபின் அதைக் கைவிட்டதையும் பலாதுரீ பதிவுசெய்துள்ளார். மக்கள் தோலையே நாணயமாக ஏற்றுப் புழங்கினால், அதைப் பொன்னுக்கும் வெள்ளிக்கும் தவணையில் விற்பதைத் தாம் வெறுப்பதாக இமாம் மாலிக் (ரஹ்) கூறினார்கள். பொருளைவிட மக்களின் வழக்கையே நாணயத்தின் அளவுகோலாகக் கண்ட பார்வை இது. ஆயினும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் செப்புக்காசு பெருகி விலைவாசி ஏறியதைக் கண்டு எழுதிய மக்ரீஸீ, மதிப்பற்ற காசின் தீங்கை எச்சரித்தார்.

மால் எது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடுண்டு. மனித இயல்பு நாடுவதும் தேவைக்காகச் சேமித்து வைக்கத்தக்கதுமே மால் என்பது ஹனஃபிகளின் பழைய வரையறை. பயனையும் மாலாகக் கொள்வர் ஷாஃபிஈகள். பரங்கிப்பேட்டை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுந்திருப்பதால் இவ்வேறுபாடு நம் மாவட்டத்திற்கு அயலானதன்று.

இக்கால மன்றங்களும் ஒருமித்துப் பேசவில்லை. 2018 தொடக்கத்தில் எகிப்தின் தாருல் இஃப்தா பிட்காயின் வணிகத்தை ஆகாதது என்றது. மலேசியப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020 ஜூலையில், பதிவுபெற்ற சந்தைகளில் அது கூடும் என்றது. 2021 நவம்பரில் இந்தோனேசிய உலமாப் பேரவை, நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றும், அடிப்படைப் பொருளும் தெளிவான பயனும் உடையதாயின் சரக்காக விற்கலாம் என்றும் பிரித்துரைத்தது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2019 இல் துபாயில் கூடியபோது மேலும் ஆய்வு தேவை என்று முடிவை ஒத்திவைத்தது.

இத்தனை வேற்றுமைக்கிடையிலும் சில எல்லைகளில் ஆகும் என்போரும் ஆகாது என்போரும் பெரிதும் உடன்படுகின்றனர். முதலாவது, கைப்பற்று எனும் ‘கப்ள்’. தம்மிடம் இல்லாததை விற்கலாகாது என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த அறிவுரை. வங்கிக் கணக்கில் வரவு வைத்தலையும் கைப்பற்றாக 1990 இல் ஃபிக்ஹ் அகாடமி ஏற்றது. ஆனால் உரியவர் அதைக் கையாள முடிவதே அதன் உயிர். திரையில் எண் மட்டும் தெரிந்து, எடுக்கவும் அனுப்பவும் இயலாத நாணயத்தில் அந்த உயிர் உண்டா என்று கேட்டாக வேண்டும். இரண்டாவது, கடன் வாங்கிப் பன்மடங்காகப் பந்தயம் வைக்கும் மார்ஜின், ஃபியூச்சர்ஸ் வணிகம். இங்கு ரிபாவும் மைசிரும் நுழைகின்றன. மூன்றாவது, நாணயத்தைக் கடனாகக் கொடுத்து நிலையான வட்டி பெறும் திட்டங்கள். நான்காவது, ஆள் சேர்த்தால் பங்கு, மாதந்தோறும் உறுதியான இலாபம் என்று அழைப்பவை. இவை கிரிப்டோ என்ற பெயரைப் பூண்ட பழைய மோசடிகளே.

இதனைச் செல்வமாக ஏற்பவர் ஸகாத்தையும் எண்ண வேண்டும். வணிக நோக்கில் வைத்திருக்கும் நாணயத்திற்கு, சந்திர ஆண்டு நிறைவுறும் நாளின் சந்தை விலையைக் கொண்டு இரண்டரை விழுக்காடு கணக்கிடுவர். வாங்கிய விலை இங்கு அளவுகோலன்று. குறிப்பேடு வைக்க இது இரண்டாவது காரணம்.

ஆகும் என்ற கருத்தைப் பின்பற்றுபவர்கூட, இழந்தாலும் குடும்பம் தடுமாறாத தொகைக்குமேல் இதில் இறங்கலாகாது. மகளின் திருமணத்திற்கும், வீட்டிற்கும், ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணம் அந்தத் தொகையில் சேராது. மனைவி மக்களுக்குத் தெரியாமல் வைத்திருந்து, மீட்புச் சொற்களை எங்கும் எழுதிவைக்காமல் ஒருவர் இறந்துவிட்டால், அந்நாணயம் எந்த வாரிசுக்கும் சேராமல் பதிவேட்டில் உறைந்து நிற்கும். ஆகவே வஸிய்யத்து எழுதுபவர், தம்மிடம் இது உண்டு என்பதையும் சொற்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்பதையும் அதில் குறிப்பிடக் கடமைப்பட்டவர். வாரிசுகளின் பங்கை மறைத்த பாவத்திற்கு அறியாமை ஒரு சாக்காக முடியாது. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.