பழைய டோட்டாவின் சாவி

பினாங்குப் பாலத்தின் பெருநிலக் கரையை அடுத்துள்ள செபராங் ஜெயா உட்பட மலேசிய நகரங்கள் பலவற்றிலும், 2000களின் பிற்பாதியில் சைபர் கஃபேக்குப் போன இளைஞர்களின் பேச்சில் டோட்டா என்ற பெயர் தவறாமல் அடிபட்டது. ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் இந்த விளையாட்டு உண்மையில் தனி விளையாட்டே அன்று. ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டுக்கு 2003இல் வந்த ‘ஃப்ரோசன் த்ரோன்’ விரிவாக்கத்தின் மேல் ஓடுமாறு ரசிகர்களே உருவாக்கி இலவசமாகப் பரப்பிய மேப், அதாவது சில மெகாபைட் அளவேயுள்ள ஒரு கோப்பு.

அந்தக் கோப்பின் பதிப்பு எண்தான் ஆட்டத்தின் முதல் நிபந்தனை. ஆட்டத்தைத் தொடங்குபவரிடம் உள்ள மேப் மற்றவரிடம் இல்லையென்றால், அவர் பெயருக்கு அருகே பதிவிறக்கச் சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டிருக்க, மற்ற ஒன்பது பேரும் காத்திருக்க வேண்டும்; பொறுமையிழந்தவர் அவரை வெளியேற்றிவிடுவதும் உண்டு. மேப் ஒன்றாக இருந்தாலும் அடிப்படை விளையாட்டின் பதிப்பு வேறுபட்டால் சேர முடியாது என்பதால், புதிய பதிப்புகள் வந்த பிறகும் 1.26 போன்ற பழைய பதிப்பையே பலர் விடாமல் வைத்திருந்தனர்.

மேப்பைப் பராமரித்துவந்த ஐஸ்ஃபிராக் 2009இல் வால்வ் நிறுவனத்தில் சேர, அந்நிறுவனம் 2013 ஜூலையில் ‘டோட்டா 2’ விளையாட்டை முறைப்படி வெளியிட்டது. அடுத்த மாதமே மலேசியாவின் ஆரஞ்சு அணி அதன் உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றதால், திறமையாளர்களின் கவனம் எங்கே திரும்பியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய மேப்பின் நாயகர்கள் எல்லோரும் புதியதற்கு உடனே வந்துவிடவில்லை. கடைசியாக வந்த பிட் லார்ட், அண்டர்லார்ட் என்ற புதுப் பெயருடன் 2016இல்தான் சேர்ந்தான். அதுவரை அவனைக் கொண்டு ஆட விரும்பியவருக்குப் பழைய டோட்டாவை விட்டால் வேறு வழியில்லை.

பழைய பதிப்பை இப்படி விடாமல் வைத்திருப்பதைப் பழமை மோகம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு பழைய பதிப்பு பிழைப்பதற்கு ஆசை மட்டும் போதாது, அந்த ஆட்டம் யாருடைய கணினியில் ஓடுகிறது என்பதே அதைவிட முக்கியம். ‘ரூன்ஸ்கேப்’ என்ற இணைய விளையாட்டு முழுவதும் அதை நடத்தும் நிறுவனத்தின் சர்வரில், அதாவது மையக் கணினியில் ஓடுவது. அதன் 2007ஆம் ஆண்டு வடிவத்தை விளையாட்டாளர்கள் வாக்களித்துத் திரும்பக் கேட்டபோது, அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்துச் சேமிப்புப் பிரதி ஒன்று நிறுவனத்திடம் தற்செயலாக எஞ்சியிருந்ததால்தான் 2013இல் அது தனி விளையாட்டாக மீண்டது. பிரதி அழிந்திருந்தால் எத்தனை இலட்சம் வாக்குகள் விழுந்திருந்தாலும் பயனில்லை.

வார்கிராஃப்டின் கதை இதற்கு மறுபக்கம். அதை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் 2020 ஜனவரியில் ‘ரீஃபோர்ஜ்ட்’ என்ற புதுப்பிப்பை வெளியிட்டபோது, பழைய விளையாட்டை வாங்கியிருந்தவர்களும் அதிகாரபூர்வ இணைய ஆட்டத்துக்குப் புதிய மென்பொருளையே ஏற்க வேண்டியதாயிற்று. ரசிகர்கள் செய்யும் மேப்புகளின் உரிமை நிறுவனத்துக்கே என்ற விதியும் கூடவே வந்தது, டோட்டா கைநழுவிப்போன கசப்பு அதில் தெரியத்தான் செய்தது. ஆனால் 1.26 பதிப்பின் கோப்புறையை ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்தியவருக்கு அந்த விதி எட்டவில்லை. இரண்டு கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைத்தால், எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லாமலே அந்த ஆட்டம் இன்றும் ஓடும்.